இரு கப்பல்கள்: ஜப்பானிய உழைப்பிலக்கியத்தில் அழுகையும் வெகுளியும்

கொபயாஷி தக்கிஜி எழுதிய 'நண்டு ஆலைக்கப்பல்' என்னும் குறுநாவல் 1929-ஆம் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் 'சென்க்கி' என்ற இதழில் வெளிவந்தது. ஜப்பானிய மொழியில் 'கனிகோசென்' என வழங்கும் அந்நூல், எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், எவரும் எதிர்பாராத வகையில் மீண்டும் பெருக விற்பனையாயிற்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 படிகளே அச்சாகிவந்த அதன் மலிவுப் பதிப்பு அவ்வோராண்டில் 5 இலட்சம் படிகளைக் கடந்தது. வாங்கிப் பயின்றோருள் பலர் இருபதும் முப்பதும் வயதினர். நூற்பெயரே அவ்வாண்டின் புதுவழக்குச் சொற்களுள் ஒன்றாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஆர்வம் தணிவதற்கு முன்னரே, 2009 சனவரியில், சுமுரா கிக்குக்கோ என்னும் பெண் எழுத்தாளரின் 'பொத்தோஸ் லைம் படகு' என்ற கதைக்கு அக்குத்தகாவா பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டு நூல்களின் பெயரிலும் கலம் உண்டு. இரண்டிலும் உழைத்தும் உயராத மாந்தர் உளர். எனினும் முன்னையது வெகுளியில் முடிகின்றது; பின்னையது வெகுளாமலே நடந்து நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

பழைய நூல் மீண்டும் பயிலப்பட்டமைக்குப் பெரும்பாலோர் கூறும் காரணம் ஒன்றுண்டு. வறுமை திரும்பிவந்தது, ஆதலின் வறுமையைப் பாடிய நூலும் திரும்பிவந்தது என்பர். இவ்விடை எளிது, ஆனால் போதாது. வறுமையைக் கூறும் நூல்கள் ஜப்பானிய மொழியில் பல. அவற்றுள் இஃதொன்றே ஏன் இளைஞர் கைக்குச் சென்றது? மேலும், 2008-இல் தோக்கியோவில் வாழ்ந்த நாட்கூலி இளைஞன் கம்சட்கா கடலில் நண்டு பிடித்தவன் அல்லன். அவனை எவரும் தடிகொண்டு அடிக்கவில்லை. அவன் நிலைக்கும் அந்நூலின் நிலைக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே பெரிது. அவ்வேற்றுமையைக் காணாது ஒற்றுமையை மட்டும் பேசுவோர் இலக்கியத்தைக் கண்ணாடியாகக் கொள்கின்றனர். அது கண்ணாடி மட்டும் அன்று.

அவ்விளைஞரின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஜப்பானில் நிறுவனங்கள் கல்வி முடிக்கும் மாணவரை அவ்வாண்டின் ஏப்ரல் திங்களில் ஒருசேர வேலைக்கு ஏற்பது நெடுநாள் வழக்கம். அவ்வாயிலில் ஒருமுறை நுழைந்தோர் ஓய்வு பெறுங்காறும் அங்கேயே இருப்பர்; நுழையாதார்க்கு மறுவாயில் அரிது. 1991-இல் நிலவிலையும் பங்குவிலையும் சரிந்து பொருளாதாரம் தளர்ந்தபோது நிறுவனங்கள் முதலில் அடைத்தது இவ்வாயிலையே. 1993 முதல் 2004 வரையில் கல்வி முடித்து வெளிவந்தோரை 'வேலைவாய்ப்பின் உறைபனிக்காலத்தார்' என அந்நாட்டார் அழைக்கின்றனர். 1995-இல் முதலாளிமார் கூட்டமைப்பாகிய நிக்கெய்ரென், உழைப்பாளரை மூவகையாகப் பிரித்து, ஒரு வகையினர்க்கே நிலைத்த பணி என அறிக்கை வெளியிட்டது. 1985-இல் இயற்றப்பட்ட ஆளனுப்புச் சட்டம், 1999-இல் பெரும்பாலான தொழில்களுக்கு விரிந்தது. 2004-இல் ஆலைத்தொழிலையும் உட்கொண்டது. 1990-இல் ஊதியம் பெறுவோருள் ஐவரில் ஒருவரே நிலையற்ற பணியினர்; 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் மூவரில் ஒருவர்க்கு மேல் அந்நிலையினர் ஆயினர். குடியிருக்க அறையின்றி, இரவு முழுதும் திறந்திருக்கும் இணையக் கடைகளில் உறங்கி வாழ்வோர் ஏறத்தாழ 5,400 பேர் என 2007-இல் அரசே மதிப்பிட்டது. 2008-இன் இறுதியில் ஏற்றுமதி வீழ்ந்தபோது, ஆலைகளுக்கு அனுப்பப்பட்டோர் வேலையோடு நிறுவனம் தந்த விடுதியறையையும் ஒருசேர இழந்தனர். அவ்வாண்டு திசம்பர் 31 முதல் 2009 சனவரி 5 வரை தோக்கியோவின் ஹிபியாப் பூங்காவில் தொண்டர்கள் கூடாரமிட்டு உணவளித்தபோது அங்கு வந்து தங்கியோர் ஏறத்தாழ 500 பேர். அப்பூங்கா தொழிலமைச்சின் அலுவலகத்திற்கு மிக அருகில் உள்ளது என்பதும் கருதத்தக்கது.

இவ்விடத்து இரு காலங்களையும் உண்மையிலேயே இணைக்கும் நூலொன்று உண்டு. அது வறுமை அன்று, சட்டம். தக்கிஜியின் கதையில் வரும் ஹக்கோமரு, கடலில் மிதப்பினும் ஆலை எனப்பட்டது. ஆதலின் கப்பலுக்குரிய சட்டம் அதனைத் தொடவில்லை. ஆலையாயினும் அது நிலத்தில் இல்லை. ஆதலின் ஆலைச்சட்டமும் தொடவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் அக்கலம் மிதந்தது. ஆளனுப்பு முறையில் பணியாற்றும் இளைஞனுக்கு ஊதியம் தருவோன் ஒருவன். வேலை ஏவுவோன் மற்றொருவன். ஏவுவோனிடம் குறை கூறின், நீ எம் பணியாள் அல்லை என்பான். ஊதியம் தருவோனிடம் கூறின், அவ்விடத்து நடப்பது எம் கையில் இல்லை என்பான். தக்கிஜி வங்கி எழுத்தராக இருந்தவர். ஒத்தாரு நகரில் ஹொக்கைதோ தக்குஷொக்கு வங்கியில் பணிபுரிந்துகொண்டே இந்நூலை எழுதினார். கணக்கேடுகளில் இத்தகைய இடைவெளிகள் எவ்வாறு பொருளாகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார் எனக் கொள்வது மிகையாகாது. வெளிவந்த ஆண்டிலேயே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதும், 1933 பெப்ருவரி 20-ஆம் நாள் காவலர் பிடியில் அடியுண்டு 29-ஆம் வயதில் மாண்டதும் பலரும் அறிந்தவை.

இனி நூல்களின் உள்ளே செல்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களையும், வெகுளிக்கு நான்கினையும் வகுத்துள்ளார். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன அழுகைக்குரியன. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியன வெகுளிக்குரியன. இவற்றைப் பிறநாட்டுப் புதினத்தின்மேல் ஏற்றிக் காணல் தகுமோ என ஐயுறுவார் உளர். மெய்ப்பாடு ஒரு மொழிக்கு உரியதன்று. உணர்வு எதனைப் பற்றி எழுகின்றது என்னும் வினாவுக்கு உரியது. அவ்வினாவை இத்துணைக் கூர்மையாக எழுப்பிய கருவி நம் கையில் இருக்க, 'துயர இலக்கியம்', 'எதிர்ப்பிலக்கியம்' என்னும் பருமட்டான பெயர்களோடு நின்றுவிடுதல் முறையன்று. குறிப்பாகப் பேராசிரியர் இவற்றிற்கு வரைந்த உரை நமக்கு மிகவும் பயன்படுகின்றது. அசைவு என்பதனைப் பழைய நிலை கெட்டு வேறொரு நிலையுற்று வருந்துதல் என்பார் அவர். வறுமை என்பதனைப் பொருளின்மை எனக் கூறாது, துய்க்கப் பெறாத இன்பத்தின்கண் விடாது நிற்கும் பற்றுள்ளம் என விளக்குவார்.

'நண்டு ஆலைக்கப்பல்' அழுகையில் தொடங்குகின்றது. ஹக்கொதாத்தே துறையில் கலத்தில் ஏறுவோர் நிலமிழந்த உழவர், நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு ஓடிவந்தோர், கல்வியைத் தொடர வழியில்லா மாணவர், பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர். தாய்மார் சிறுவரைப் பிரிய மாட்டாது நிற்பது இழவு. உழவன் மீனவக் கூலியாகத் தாழ்வது அசைவு. முதற் பகுதி முழுதும் இவ்வகையால் இயங்குகின்றது. கடலுக்குச் சென்றபின் களம் மாறுகின்றது. மிகக் குறைவாக வேலை செய்தவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடப்படும் என்று மேற்பார்வையாளன் அசக்காவா அறிவிப்பு ஒட்டுகின்றான், இஃது உறுப்பறை. அவன் கைத்தடி ஓய்வதில்லை, இஃது அலை. புயலில் மூழ்கும் உடன்கப்பல் ஒன்று உதவி வேண்டி ஒலிக்குறி அனுப்ப, அதன்பாற் கலத்தைத் திருப்பினால் நாள் வீணாகும் என்றும், மூழ்குவதற்குக் காப்பீடு உள்ளது என்றும் கூறி அவன் தடுக்க, 400-க்கு மேற்பட்டோர் கடலில் மடிகின்றனர்; இது கொலை. ஊரில் எதிர்பார்த்திருக்கும் குடும்பம் முன்பணக் கடனால் அழிவது குடிகோள். நான்கு களன்களும் நிரம்பிய இடத்தில்தான் முதல் வேலைநிறுத்தம் எழுகின்றது. தக்கிஜி தொல்காப்பியம் அறிந்தவர் அல்லர். வெகுளி எவ்வாறு விளையும் என்பதை அறிந்தவர்.

இங்கு ஒன்று கருதல் வேண்டும். வெகுளிக்குக் களன் அமைந்தால் மட்டும் வெகுளி பிறவாது. அது சென்று தாக்குதற்குரிய முகம் ஒன்றும் வேண்டும். தக்கிஜி அதனை நன்கு அமைத்துள்ளார். உழைப்போர்க்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. திக்குவாயன், திமிரன், மாணவன் என்றே சுட்டப்படுகின்றனர். ஒடுக்குவோனுக்கோ பெயரும் முகமும் குரலும் உள. முகமற்ற பலர் ஒரு முகத்தை நோக்கித் திரும்புகின்றனர். ஆயின் நூலின் சிறப்பு அதனோடு முடியவில்லை. உதவிக்கு வந்ததென்று அவர்கள் மகிழ்ந்த போர்க்கலத்து வீரர்கள் தலைவர் ஒன்பதின்மரைச் சிறைசெய்து போகும்போது, அசக்காவாவின் முகம் ஒரு திரையே என்பது உழைப்போர்க்கு விளங்குகின்றது. பின்னுரையாக ஆசிரியர் சேர்த்த குறிப்புகளில், இரண்டாம் முயற்சி வெற்றியுற்றதையும், அசக்காவாவையே நிறுவனம் ஒரு காசும் தாராது நீக்கியதையும் அறிகின்றோம். இப்பின்னுரை கலைக்கு இழுக்கு என்பார் கூற்றில் உண்மை உண்டு; கதை அதற்குமுன்னரே முடிந்துவிட்டது. எனினும் அசக்காவாவின் வீழ்ச்சியைக் கூறும் அவ்வொரு குறிப்பை இழக்க நமக்கு மனமில்லை.

2007 சனவரியில் 'ரொன்சா' என்னும் திங்களிதழில் அக்காகி தொமொஹிரோ என்பவர் எழுதிய கட்டுரையை ஈண்டு நினைத்தல் தகும். அப்போது அவர்க்கு வயது 31, நிலையான பணியில்லாதவர். அரசியற் சிந்தனையாளர் மருயாமா மசாவோவைக் கன்னத்தில் அறைய விரும்புவதாகத் தலைப்பிட்டு, தம் போன்றோர்க்கு எஞ்சிய நம்பிக்கை போரே என்று அவர் எழுதினார். தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருயாமா 1944-இல் கடைநிலை வீரராகப் படையிற் சேர்க்கப்பட்டு, தம்மினும் கல்வி குறைந்தோரால் அடிபட்டவர். அமைதிக் காலத்தில் அசையாத ஏற்றத்தாழ்வு போர்க்காலத்தில் தலைகீழாகும் என்பதே கட்டுரையின் கருத்து. அதனைப் பலரும் கண்டித்தனர், கண்டித்தற்குரியதே. ஆயினும் திறனாய்வாளன் காண வேண்டுவது வேறு. இங்கு வெகுளி உண்டு; அது செல்லும் முகம் தவறியுள்ளது. தம்மை நிலையற்ற பணியில் நிறுத்தியோரின் முகம் காணப்படாமையால், இறந்துபோன அறிஞர் ஒருவரின் முகத்தைத் தேடி அது சென்றது. அசக்காவா இல்லாத உலகில் வெகுளி இவ்வாறு திரியும்.

சுமுராவின் கதை இதற்கு மறுதலையான வழியிற் செல்கின்றது. அவர் 2000-இல் பல்கலைக்கழகக் கல்வி முடித்தவர், உறைபனிக்காலத்தார் தாமே. கதைத்தலைவி நகசே, 29 வயதினள். நாரா நகரில் பழைய வீடொன்றில் தாயுடன் வாழ்பவள். அழகுப்பொருள் ஆலையில் ஓடும் பட்டைமுன் நின்று பணிபுரிகின்றாள். மாலையில் தோழி ஒருத்தியின் உணவுக்கடையிலும், ஓய்வுநாளில் முதியோர்க்குக் கணினி கற்பிப்பதிலும், எஞ்சிய பொழுதில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலையிலும் ஈடுபடுகின்றாள். ஒருநாள் ஆலைச்சுவரில் உலகைச் சுற்றிவரும் கப்பற் பயணத்தின் விளம்பரத்தைக் காண்கின்றாள். கட்டணம் 16 இலட்சத்து 30 ஆயிரம் யென். அதுவே ஆலையில் அவள் ஓராண்டு பெறும் ஊதியம் என்பது அவளுக்கு உறைக்கின்றது. அவள் அன்று வெகுளவில்லை, கண்ணீரும் விடவில்லை. பிற வேலைகளின் வருவாயில் வாழ்ந்து, ஆலை ஊதியத்தை ஓராண்டு தொடாது சேர்ப்பது என முடிவுசெய்கின்றாள்.

இவ்விடம் இக்கால ஜப்பானியக் கதைகளுள் மிக நுட்பமான இடங்களுள் ஒன்று எனத் துணிந்து கூறுவோம். ஓராண்டு வாழ்வும் ஒரு சுவரொட்டியும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. தன் ஆண்டின் விலை இன்னது என்று ஒருத்தி அறிகின்ற கணம் அது. பேராசிரியர் கூறிய வறுமை இதுவே. நகசே பட்டினி கிடப்பவள் அல்லள், நுகர வேண்டியதன்மேல் பற்று நீங்காது நிற்பவள். தக்கிஜியின் மாந்தர் கப்பலிலிருந்து தப்ப விரும்பினர். இவளோ கப்பலில் ஏற விரும்புகின்றாள். அவர்கட்குக் கலம் சிறை. இவட்குக் கலம் விடுதலை. கடலே இல்லாத நாராவில், மலைசூழ்ந்த உள்நாட்டில், இப்படகு சுவரில் மட்டுமே மிதக்கின்றது என்பதையும் நோக்குக. கதைப்பெயரிலுள்ள பொத்தோஸ், நம் வீடுகளில் 'மணி பிளாண்ட்' எனக் கண்ணாடிக் குவளையில் வளர்க்கப்படும் அதே கொடி. வெறுந்தண்ணீரில் வாழும் கொடியைப் பணத்தின் பெயரால் நாம் அழைப்பதும், பணம் சேர்க்கும் பெண்ணின் கதைக்கு அக்கொடியே பெயராய் அமைந்ததும் தற்செயலே, ஆசிரியர் கருதியதன்று. எனினும் தமிழ் வாசகர் அதனை எண்ணாதிரார்.

நகசேக்கு வெகுளிக்குரிய களன் இல்லையோ எனின், உண்டு. கல்வி முடித்து முதலிற் சேர்ந்த நிறுவனத்தில் மேலதிகாரி ஒருவரின் கடுஞ்சொல்லால் நைந்து, வேலையை விட்டு, நோயுற்றுக் கிடந்தவள் அவள். கொலை என்பதற்கு உயிர்க்கொலையை மட்டுமன்றி, அறிவும் புகழும் முதலியவற்றைக் கொன்றுரைத்தலையும் பொருளாக்கினார் பேராசிரியர். அவ்வுரை இவ்விடத்திற்கென்றே எழுதியது போலும். களன் இருந்தும் வெகுளி எழாதது ஏன்? அவள் அக்கொடுமையைத் தனியாக ஏற்றாள், தனியாக வெளியேறினாள். அருகில் நின்று, எனக்கும் அதுவே நேர்ந்தது எனக் கூற ஒருவரும் இலர். ஆதலின் பிறரால் நேர்ந்த கேட்டினைத் தன் குறையாக உட்கொள்கின்றாள். இளிவு அவளிடமே தங்கிவிட்டது. இப்போதே உழைப்பின் உச்சப் பருவம் என்னும் கருத்தைத் தன் கையிற் பச்சைகுத்திக்கொள்ளலாமா என அவள் எண்ணிப் பார்க்கும் இடம் இதற்குச் சான்று. அசக்காவா இரும்பால் பொறிக்க முனைந்ததை இவள் தானே விரும்பிப் பொறித்துக்கொள்ள நினைக்கின்றாள். உறுப்பறை அயலான் கையிலிருந்து தன் கைக்கு வந்துவிட்டது. எண்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை இவ்விரு சூடுகளும் காட்டுமாறு பிற எவையும் காட்டா.

போராட்டம் இன்மையால் சுமுராவின் கதை தரத்தில் தாழ்ந்தது என்று ஒரு சாரார் கருதக்கூடும். அக்கருத்தை நாம் ஏற்கமாட்டோம். போராட்டத்திற்கு இடமில்லாத வாழ்வைப் போராட்டமாகப் பாடுதல் பொய்யாகும். மேலும், இக்கதையில் கூட்டம் அறவே இல்லை என்பதும் தவறு. கணவனைப் பிரிந்த தோழி ரித்சுக்கோ சிறுமகளோடு வந்து நகசேயின் வீட்டில் தங்குகின்றாள்; தாய், மகள், தோழி, குழந்தை என நால்வரும் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்குகின்றனர். செலவு மிகுகின்றது, சேமிப்பு மெலிகின்றது, நகசே கதவை அடைக்கவில்லை. உழைப்போரின் கூட்டுறவு கலத்தின் தளத்திலிருந்து அடுக்களைக்கு இடம் பெயர்ந்துள்ளது. ஆடவர் எழுதிய உழைப்பிலக்கியம் அடுக்களையைப் பெரும்பாலும் நோக்கியதில்லை, தக்கிஜியும் நோக்கவில்லை. ஆயினும் நம் மனக்குறை ஒன்றைச் சொல்லாது விட இயலாது. இவ்வீட்டின் அன்பு ஆலைக்குள் ஒருபோதும் நுழையவில்லை. ஊதியம் ஏன் அவ்வளவே என்னும் வினா கதையில் எவர் வாயிலும் எழவில்லை. ஆசிரியர் அவ்வினாவை அறியாதவர் அல்லர். அவர் மாந்தர் அதனைக் கேட்கும் வலியை இழந்தவர் எனக் காட்டுவதே அவர் கருத்து எனலாம். அவ்வாறாயின் அவ்விழப்பு இன்னும் சிறிது நோவுடன் காட்டப்பட்டிருத்தல் வேண்டும். நடை மிகவும் தணிந்து, பல இடங்களில் வாசகனையும் தணிவித்துவிடுகின்றது.

2016-இல் இதே பரிசைப் பெற்ற முராத்தா சயாக்காவின் 'கொன்பினி மனிதர்' பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. அதன் தலைவி ஃபுருக்குரா 36 வயதினள்; பதினெட்டு ஆண்டுகள் ஒரே சிறுகடைத் தொழிலில் பகுதிநேரப் பணியாளாக இருப்பவள். அவட்கு இளிவும் இல்லை, பற்றுள்ளமும் இல்லை. கடையின் ஒழுங்கே அவள் அமைதி. கூரிய நூல் அது. ஆனால் நம்பிக்கை மங்குவதை அதனிடம் கேட்டறிய இயலாது; மங்குதற்கு அங்கே முன்னர் ஏற்றியிருந்த விளக்கில்லை.

2008-இன் இளைஞர் தக்கிஜியிடம் கண்டது யாது என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அந்நூலைப் பற்றி இளையோர் கட்டுரை எழுதும் போட்டியொன்று அப்போது நடத்தப்பட்டது. தக்கிஜி பயின்ற ஒத்தாரு வணிகக் கல்விநிலையமும் அதில் பங்குகொண்டது. வாசகர் பலர் அக்கலத்துத் துன்பத்தைத் தம் துன்பமாக எழுதியது இயல்பே. ஆனால் நூலின் அமைப்பை நோக்கின், அவர்களை ஈர்த்தது துன்பம் அன்று. நாற்றமெடுக்கும் கீழ்த்தளம் எனப் பெயர் பெற்ற அவ்விருண்ட உறைவிடத்தில் ஒருவன் முணுமுணுப்பதை அடுத்தவன் கேட்கின்றான் என்பதே. ஆளனுப்பு நிறுவனம் நாள்தோறும் வேறுவேறு இடத்திற்கு அனுப்பும் இளைஞனுக்கு, நேற்று உடனின்றவன் பெயர் இன்று தெரியாது. இணையக் கடையின் தடுப்பறைகளுக்கு இடையே மெல்லிய பலகையே உள்ளது. அதன் மறுபுறம் உறங்குவோனை அவன் கண்டதில்லை. இத்தகையோனுக்குக் கனிகோசெனின் கீழ்த்தளம் நரகமாக மட்டும் தோன்றியிருக்காது. நம்பிக்கை மங்குதல் என நாம் கூறுவது வருவாய் குறைதலால் மட்டும் நேர்வதன்று. முணுமுணுப்பைக் கேட்கும் செவி அருகில் இல்லாமையால் நேர்வது.

பெயர்களைப் பற்றிய ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. தக்கிஜி உழைப்போர்க்குப் பெயர் தாராமைக்குக் காரணம், கூட்டமே தலைவனாதல் வேண்டும் என அவர் கருதியமை. சுமுரா தம் தலைவிக்குப் பெயர் தந்தார். ஆனால் அதனைப் பொருள் தரும் சித்திர எழுத்துகளில் எழுதாது, ஒலியை மட்டும் காட்டும் கத்தக்கானா எழுத்தில் கதைமுழுதும் எழுதினார். ஜப்பானியர் நகசே என்னும் குடும்பப்பெயரை அச்சில் காணும்போது வழக்கமாகக் காண்பது இரண்டு சித்திர எழுத்துகளை. அவற்றுள் ஒன்று நீளத்தையும் மற்றொன்று ஆற்றின் ஆழமற்ற ஓடுதுறையையும் குறிக்கும். கத்தக்கானாவில் அந்த நீர் வற்றிவிட, ஓசை மட்டும் நிற்கின்றது. வருகைப் பதிவேட்டில் விரைந்து குறிக்கப்பட்ட ஒருத்தியின் பெயர் போல அது ஒவ்வொரு பக்கத்திலும் வருகின்றது.